வன்றட்டின்றி எழும் கணினிகள்

கணினி என்னுங் கருவியை அறியாதார் இன்று நம்மிடையே இலர். ஆயினும், விசையை அழுத்திய கணந்தொட்டுத் திரையிலே எழுத்துத் தோன்றும் வரையும் அக்கருவியினுள்ளே நிகழ்வன யாவை என எண்ணிப் பார்ப்பார் சிலரே. மின்னோட்டம் நின்றதும் கணினியின் நினைவகம் தான் கொண்டிருந்த அனைத்தையும் இழந்துவிடுகின்றது. ஆகவே, ஒவ்வொரு நாட் காலையிலும் அஃது ஒன்றுமறியாத நிலையினின்றே தொடங்க வேண்டியதாகின்றது. தாய்ப்பலகையிலே பதிக்கப்பட்ட நிலைபொருள் என்னுஞ் சிறு செய்நிரல் மாத்திரம் முதலில் விழித்துக்கொள்ளும். அது வன்றட்டைத் தேடிச் சென்று, ஆங்கு எழுதப்பட்டுள்ள இயக்க முறைமையை நினைவகத்தில் ஏற்றி, ஆட்சியை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கும். அதன் பின்னரே கணினி நாம் அறிந்த கணினியாகின்றது.

இனி, முப்பது கணினிகளைக் கொண்டதொரு பாடசாலை ஆய்வுகூடத்தை நினைத்துக்கொள்வோம். ஆங்கு முப்பது வன்றட்டுகள் உள. ஒவ்வொன்றிலும் ஓர் இயக்க முறைமை உண்டு. ஒரு திருத்தஞ் செய்ய வேண்டுமாயின் அதனை முப்பது முறை செய்தல் வேண்டும். ஒரு மாணவன் அறியாது அழித்த கோப்பொன்றினால் ஒரு கணினி ஒரு தவணை முழுவதும் மூலையிற் கிடத்தலும் உண்டு. அன்பர்கள் மனமுவந்து அளிக்கும் பழைய கணினிகளிலோ, ஓயாது சுழலும் உறுப்பாகிய வன்றட்டே பெரும்பாலும் முதலிற் பழுதுறுகின்றது. அங்ஙனம் பழுதுற்ற கணினியை இறந்ததாகக் கருதி ஒதுக்கிவிடுகின்றோம். உண்மையில் அது இறந்ததன்று. அதன் மூளையும் நினைவகமும் செவ்வனே உள. தான் யார் என்று சொல்லித் தருவாரின்மையே அதன் குறை. அறையில் ஒரு நல்ல கணினியைச் சேவையகமாக நிறுத்தி, ஏனையவற்றுக்கு இயக்க முறைமையைக் கம்பி வழியே அதுவே வழங்குமாறு செய்யின், முப்பது வன்றட்டுகளும் வேண்டா. திருத்தமும் ஒருமுறையே செய்யப்படும். இதனையே வலையமைப்பு வழித் தொடக்கம் என்பர்.

இதற்கு வேண்டிய கட்டளைகள் ஒரு தாளின் இருபக்கத்துள் அடங்கும். யுனிக்ஸ் வழிவந்த முறைமைகள் எதிலும் அவை இலவசமாகவே கிடைப்பன. அவற்றை எழுத்தெழுத்தாகப் பெயர்த்தெழுதி, கணினி எழுந்ததையும் கண்டு மகிழ்ந்த பலர், ஒரு மாதத்தின் பின் அது எழாதபோது செய்வதறியாது திகைத்ததை நான் கண்டிருக்கின்றேன். இவ்வேலையிலே கடினமானது கட்டளையன்று. எந்தக் கணினி எந்தக் கணினியை எதனை ஆதாரமாகக் கொண்டு நம்புகின்றது என்பதை அறிதலே கடினம். ஆதலின் அதனையே இக்கட்டுரையில் விரித்துக் கூற விழைகின்றேன்.

முதலில் ஒரு புதிர். வலையமைப்பின் மூலம் முறைமையைப் பெறுவதற்கு வலையமைப்பிற் பேசத் தெரிந்திருத்தல் வேண்டும். பேசக் கற்பிப்பதோ அம்முறைமையே. பெட்டகத்தின் திறவுகோல் பெட்டகத்தினுள்ளேயே இருப்பதை ஒக்கும் இது. இப்புதிரை அவிழ்க்கும் முயற்சி ஐக்கிய அமெரிக்காவிலே 1980களின் தொடக்கத்தில், வன்றட்டுகள் பெருவிலை பெற்றிருந்த காலத்தில் நிகழ்ந்தது. 1982 இல் நிறுவப்பட்ட சன் மைக்கிறோசிஸ்ரம்ஸ் நிறுவனம் வன்றட்டில்லாத மேசைக் கணினிகளை விற்று, அவற்றுக்கெல்லாம் ஒரே சேவையகம் கோப்புகளை வழங்குமாறு செய்தது. 1984 இல் வெளியான ஒரு நெறிமுறை, கணினி தன் முகவரியை மாத்திரம் கேட்டறிய வழிசெய்தது. மறு ஆண்டில் பில் குறொவ்ற், ஜோன் கில்மோர் என்னும் இருவர் வகுத்த பூற்பி என்னும் நெறிமுறையோ, உனது முகவரி இது, நீ நாடவேண்டிய சேவையகம் இது, நீ எடுக்கவேண்டிய கோப்பு இது என மூன்றையும் ஒரே விடையிற் சொன்னது. இன்று வீடுதோறும் முகவரி பகிர்ந்தளிக்கும் டி.எச்.சி.பி. என்னும் நெறிமுறை 1993 இல் அதன் மேலெழுந்த மாடியே. இன்ரெல் நிறுவனம் 1999 இல் பி.எக்ஸ்.ஈ. என்னும் விதிமுறையின் 2.1 ஆம் பதிப்பை வெளியிட்டது. வலையமைப்பு அட்டையிலேயே ஒரு சிறு செய்நிரலைப் பொறித்துவைத்து, இந்நெறிமுறைகளிற் பேசுமளவு அறிவை அதற்கு ஊட்டிவிடுவதே அதன் உபாயம். திறவுகோல்களுள் மிகச் சிறியதொன்றை மாத்திரம் பெட்டகத்துக்கு வெளியே தொங்கவிட்டனர் எனலாம்.

அச்சிறு செய்நிரல் விழித்தெழும்போது அறிந்திருப்பது ஒன்றே: அட்டையிலே தொழிற்சாலையிற் பதிக்கப்பட்ட 48 பிற்றுக்கள் கொண்ட எண். தன் முகவரியை அது அறியாது. சேவையகம் எங்குள்ளதென்பதையும் அறியாது. ஆகவே, 255.255.255.255 என்னும் முகவரிக்கு, அதாவது கம்பியிலுள்ள எல்லோருக்கும், தன் எண்ணைக் கூறி, எனக்கொரு முகவரி தருவார் உளரோ என்று கூவுகின்றது. சேவையகம் ஒரு முகவரியைத் தர முன்வருகின்றது. கணினி அதனை வேண்டி நிற்கின்றது. சேவையகம் உறுதி கூறுகின்றது. இந்நான்கு வாய்ச்சொற்களோடு பேச்சு முடிகின்றது. விடை சொல்வோன் உண்மையான சேவையகந்தானா என்று கணினி வினாவுவதில்லை. வினாவுவதற்கான வழியும் அதனிடம் இல்லை. இருளிலே கூவியவன், விடைதந்த குரலின் பின்னே சென்றுவிடுகின்றான்.

இவ்விடத்தே என் பட்டறிவு ஒன்றைக் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையில் இத்தகைய ஏற்பாட்டைச் செய்து கொடுத்திருந்தேன். ஒரு தவணைக்கு மேலாக யாதொரு குறையுமின்றி நடந்தது. செயன்முறைப் பரீட்சைக்கு முதல் நாட் காலையிற் பதினொரு கணினிகள் எழவில்லை. அணைத்து மீண்டும் எழுப்பினால், எழாதவை ஏழாயின. அவற்றுட் சில முன்னர் எழுந்தவை. அரைநாளைச் சேவையகத்தைக் குற்றஞ்சாட்டுவதிலே கழித்தேன். எழாத கணினிகளின் திரையிலே பி.எக்ஸ்.ஈ.-ஈ53 என்னும் பிழையெண் தெளிவாகவே நின்றது. அதன் பொருள், முகவரி கிடைத்தது, கோப்பின் பெயர் கிடைக்கவில்லை என்பது. முகவரி தந்தது என் சேவையகமாயின் கோப்பின் பெயரையும் உடன் தந்திருக்கும். ஆகவே முகவரி தந்தவர் வேறொருவர்! அவ்வெண்ணை முதலிலே நின்று வாசித்திருந்தால் அரைநாள் மிஞ்சியிருக்கும். தேடிப் பார்த்தபோது, அடுத்த அறைக்கு இணையத் தொடர்பு கிடைக்கட்டுமென்று எவரோ நல்லெண்ணத்துடன், வீட்டிற் பாவிக்கும் வழிப்படுத்தி ஒன்றை எங்கள் ஆளியிற் செருகியிருந்தமை தெரியவந்தது. அதுவும் கேட்டார்க்கெல்லாம் முகவரி வழங்கும் இயல்பினது. இரு குரல்களுள் எது முந்தியதோ அதன்படி கணினிகள் எழுந்தும் எழாதும் இருந்தன.

அக்கம்பியைக் கழற்றியதும் முப்பதும் எழுந்தன, பரீட்சையும் நடந்தது. ஆயின் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நல்லெண்ணத்தாற் செருகப்பட்ட கருவி, கோப்பின் பெயரைத் தராது பேசாதிருந்தமையாலன்றோ பிழை வெளிப்பட்டது? தீயெண்ணமுடையார் ஒருவர் தம் மடிக்கணினியை அதே ஆளியிற் செருகி, முகவரியுடன் தாம் ஆக்கிய ஒரு கோப்பின் பெயரையும் தந்திருப்பின், மாணாக்கர் தட்டும் கடவுச்சொற்கள் யாவும் அவர் கைக்குச் சென்றிருக்கும். திரையிலே ஒரு பிழையும் தோன்றியிராது. இதற்குரிய காப்பு, ஆய்வுகூடத்துக்கெனத் தனி ஆளியும் தனிக் கம்பிகளும் வைத்தலே. சேவையகத்திலே இரு வலையமைப்பு அட்டைகளைப் பூட்டி, ஒன்றை ஆய்வுகூடத்துக்கும் மற்றையதை வெளியுலகுக்கும் விடுதல் சாலும். நெறிப்படுத்தக்கூடிய ஆளி வாங்கும் வசதியுடையார், சேவையகம் இருக்கும் துளையைத் தவிர வேறெத்துளையினின்றும் முகவரி வழங்கும் பொதிகள் வாராதபடி தடுத்துவிடலாம்.

முகவரியும் கோப்பின் பெயரும் பெற்ற கணினி, அடுத்து அக்கோப்பைக் கேட்கின்றது. இதற்குப் பயன்படும் நெறிமுறை ரி.எவ்.ரி.பி. எனப்படும். கரன் சொலின்ஸ் அம்மையார் 1981 இல் எழுதி வெளியிட்ட ஆவணத்தில் அது விதிக்கப்பட்டது. அட்டையிலே உள்ள சிறிய இடத்துள் அடங்கவேண்டுமென்பதற்காக, இயன்றவரை எளிமையாக வகுக்கப்பட்டது அது. கோப்பை 512 பைற்றுத் துண்டுகளாக நறுக்கி, ஒரு துண்டை அனுப்பிவிட்டு, கிடைத்தது என்னும் விடை வருமளவும் காத்திருந்து, அதன் பின்னரே அடுத்த துண்டை அனுப்பும். 512 இலுங் குறைந்த துண்டொன்று வந்தால் கோப்பு முடிந்ததென்பது பொருள். கடவுச்சொல் இல்லை, கோப்புகளைப் பட்டியலிடும் வசதியும் இல்லை. பெயரை அறிந்தவர் எவருக்கும் கோப்பு கொடுக்கப்படும். ஆதலின் இரகசியம் எதனையும் அக்கோப்புறையில் வைத்தலாகாது.

இவ்வெளிய நெறிமுறையிலும் ஒரு வேடிக்கையான குற்றம் ஒளிந்திருந்தது. விடை தாமதித்தால் துண்டு தொலைந்ததெனக் கருதி அனுப்புவோன் அதனை மீண்டும் அனுப்புவான். பின்னர்த் தாமதித்த விடையும், இரண்டாந் துண்டுக்கான விடையும் ஆக இரு விடைகள் வந்துசேரும். பழைய விதியின்படி ஒவ்வொரு விடைக்கும் அடுத்த துண்டு ஒவ்வொன்று புறப்படும். அவ்விரு துண்டுகளுக்கும் இரு விடைகள். அவற்றுக்கு மீண்டும் இரு துண்டுகள். ஒருமுறை நேர்ந்த தாமதத்தால் எஞ்சிய கோப்பு முழுவதும் இருமடியாகவே செல்லும். செருமானியக் கவிஞர் கேதே 1797 இல் இயற்றிய பாடலொன்றிலே, மந்திரவாதியின் சீடன் விளக்குமாற்றைத் தண்ணீர் சுமக்க ஏவிவிட்டு, நிறுத்தும் மந்திரம் அறியாமல் அதனைப் பிளக்க, இரு பிளவுகளும் தண்ணீர் சுமக்கத் தொடங்கிவிடும். அக்கதையை வைத்தே இக்குற்றத்துக்கு மந்திரவாதியின் சீடன் எனப் பெயரிட்டனர். ஒரே துண்டுக்கு இரண்டாம் முறை வரும் விடையைப் பொருட்படுத்தாது விடுக என்னும் ஒரு விதியால் அது தீர்ந்தது. 1992 ஆம் ஆண்டின் திருத்தப்பதிப்பில் அவ்விதி சேர்க்கப்பட்டுள்ளது.

துண்டின் அளவு பற்றியும் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. கருவும் அதனுடன் செல்லுந் தொடக்கக் கோப்பும் சேர்ந்து 40 மெகாபைற்று எனக் கொண்டால், 512 பைற்று வீதம் 81,920 துண்டுகள் வேண்டும். துண்டுகளுக்கு இடப்படும் எண்ணோ 16 பிற்றுக்களால் ஆயது. 65,535 ஐத் தாண்டாது. தாண்டும்போது எண் மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்புமெனப் பல செய்நிரல்கள் கொண்டுள்ளன; சில கொள்ளாமையாற் பாதிவழியில் நின்றுவிடும். 1995 இல், துண்டின் அளவை இருபாலாரும் பேசித் தீர்மானிக்கும் வசதி வகுக்கப்பட்டது. ஈதர்நெற் பொதியின் 1,500 பைற்றிலே தலைப்புகளுக்குரிய 32 ஐக் கழித்தால் 1,468 எஞ்சும். அவ்வளவினதாகத் துண்டை அமைத்தால் 28,572 துண்டுகளே போதும். எண் சிக்கலும் இல்லை. காத்திருக்கும் வேளைகளும் மூன்றிலொரு பங்காகக் குறைகின்றன.

முதலில் வந்துசேருங் கோப்பு இயக்க முறைமை அன்று. அதனைக் கொண்டுவரும் ஏற்றி மாத்திரமே. நீண்டகாலம் வழங்கிவரும் பி.எக்ஸ்.ஈ.லினக்ஸ் என்னும் ஏற்றியின் நடத்தை சுவையானது. தான் எவ்வாறு நடக்கவேண்டுமென்று கூறுங் குறிப்பைச் சேவையகத்திலே தேடும்போது, முதலிற் கணினியின் தனியடையாளத்தாலும், பின்பு அட்டையின் எண்ணாலும் பெயரிடப்பட்ட குறிப்பைக் கேட்கும். இல்லையாயின், தன் முகவரியைப் பதினாறடியெண்ணில் எழுதி அப்பெயரைக் கேட்கும். 192.168.10.11 என்பது சி0ஏ80ஏ0பி ஆகும். அதுவும் இல்லையெனின் ஈற்றிலிருந்து ஒவ்வோரிலக்கமாகக் குறைத்துக் குறைத்துக் கேட்டு, ஒன்றுங் கிடையாதவிடத்துப் பொதுக்குறிப்பை எடுத்துக்கொள்ளும். வழிதெரியாத ஊரிலே உறவினரைத் தேடுவோன் முதலிற் பெயரைச் சொல்லி, பின் வீட்டைச் சொல்லி, பின் ஒழுங்கையைச் சொல்லி வினாவுவது போன்றது. முகவரியைப் பதினாறடியெண்ணாக்கிக் கோப்புக்குப் பெயரிடும் வழக்கம் சன் கணினிகளின் காலத்தது. இதனாற் கிடைக்கும் நன்மை பெரிது. ஒரு கணினியை மாத்திரம் வேறுவிதமாக எழுப்பவேண்டின், அதன் எண்ணாற் பெயரிட்ட ஒரு குறிப்பை எழுதிவைத்தல் போதும். அக்கணினியைத் தொடவும் வேண்டியதில்லை.

இனிச் சேவையகத்தை அமைக்கும் ஒழுங்கு. டெபியன் லினக்ஸை வைத்துச் சொல்லுகின்றேன், பிரீ பி.எஸ்.டி. முதலியவற்றிலும் பெயர்கள் வேறுபடுமேயன்றி ஒழுங்கு வேறுபடாது. சேவையகத்தின் உள்முக அட்டைக்கு 192.168.10.1 என மாறாத முகவரியை இட்டபின், டி.என்.எஸ்.மாஸ்க் என்னுஞ் செய்நிரலை நிறுவுக. முகவரி வழங்கல், கோப்பு வழங்கல் ஆகிய இரு பணிகளையும் இவ்வொன்றே ஆற்றவல்லது. அதன் அமைப்புக் கோப்பிலே எழுதவேண்டுவன ஐந்தே வரிகள்: எந்த அட்டையிற் செவிகொடுப்பது, எம்முகவரி தொடக்கம் எம்முகவரி வரை வழங்குவது, எக்கோப்பின் பெயரைச் சொல்வது, கோப்பு வழங்கலைத் தொடக்குக என்பது, கோப்புகள் எக்கோப்புறையில் உள என்பது. முதலாவது வரியை மறந்தால், உங்கள் சேவையகம் வெளியட்டையிலும் செவிகொடுக்கத் தொடங்கிவிடும்.

இவ்விடத்துப் பழைய கணினிக்கும் புதிய கணினிக்கும் உள்ள வேறுபாடொன்று இடறச்செய்யும். பழையவற்றின் நிலைபொருள் பயோஸ் வகையினது, புதியவற்றினது யு.ஈ.எவ்.ஐ. வகையினது. ஒன்றுக்குரிய ஏற்றி மற்றையதில் இயங்காது. நற்பேறாக, கணினி முகவரி கேட்கும்போதே தன் வகையை ஓர் எண்ணாற் சொல்லிவிடுகின்றது. 0 ஆயின் பயோஸ். 7 ஆயின் 64 பிற்று யு.ஈ.எவ்.ஐ. அவ்வெண்ணைப் பார்த்து அதற்கேற்ற கோப்பின் பெயரைச் சொல்லுமாறு டி.என்.எஸ்.மாஸ்க்குக்கு விதித்தல் இயலும். இரு வகையும் கலந்துள்ள அறையில் இது கட்டாயம் வேண்டும். புதியவற்றிலே, கையொப்பமிடப்பட்ட ஏற்றியன்றி வேறெதனையும் ஏற்காத பாதுகாப்பு ஒழுங்கும் உண்டு. பலர் தொல்லையென்று அதனை அணைத்துவிடுகின்றனர். இருளிற் கேட்கும் எக்குரலையும் நம்பும் கணினிக்கு அஃது ஒரு சிறு காவலாகுமாதலால், டெபியன் தரும் கையொப்பமிட்ட ஏற்றியைப் பயன்படுத்தி அதனை வைத்திருத்தலே தக்கதென்பது என் கருத்து.

கரு எழுந்தபின் அதற்கொரு கோப்பு முறைமை வேண்டும். வன்றட்டில்லாமையால் அதனையும் சேவையகமே தரவேண்டும். சன் நிறுவனம் 1984 இல் ஆக்கிய என்.எவ்.எஸ். என்னும் ஏற்பாடு இதற்கு இன்றும் பயன்படுகின்றது. சேவையகத்தின் சொந்தக் கோப்புகளைக் காட்டாமல், தனியொரு கோப்புறையினுள்ளே புதியதொரு டெபியனை நிறுவி, அதனையே கணினிகளுக்கு வேராகக் காட்டுக. வாசிக்க மட்டும் என்னும் நிபந்தனையுடன் காட்டுதல் இன்றியமையாதது. முப்பது கணினிகள் ஒரே கோப்பில் எழுதப் புகுந்தால் விளைவதைச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் எந்த முறைமையும் எதையாவது எழுதாமல் இராது. ஆகவே வாசிக்க மட்டுமான வேரின் மேல், ஒவ்வொரு கணினியின் நினைவகத்திலும் ஒரு மெல்லிய எழுதுபடையை விரிப்பர். மாணவன் எதை மாற்றினும் அம்மாற்றம் அப்படையிலே தங்கி, மின் நின்றதும் மறைந்துவிடும். மறுநாட் காலையில் அக்கணினி மீண்டும் புதிது.

இவ்வேரிலே கவனிக்கவேண்டிய சில நுண்மைகள் உள. இயந்திர அடையாளம் எழுதப்பட்ட கோப்பொன்று வேரினுள் இருக்கும். அதனை வெறுமையாக்காவிடின் முப்பது கணினிகளும் ஒரே அடையாளத்தைச் சொல்லி ஒரே முகவரிக்குச் சண்டையிட நேரும். வலையமைப்பைச் சீரமைக்கும் செய்நிரல், எழும் வழியில் அட்டையை ஒருமுறை அணைத்து ஏற்ற முற்படின், வேர் அறுந்து கணினி உறைந்துவிடும். இருந்த கொப்பைத் தறித்தவன் கதைதான். அட்டையைத் தொடாதிருக்குமாறு அதற்கு முன்கூட்டியே விதித்தல் வேண்டும். வேரினுள்ளே கருவைப் புதுப்பித்தபின் அப்புதிய கருவை ரி.எவ்.ரி.பி. கோப்புறைக்கும் படியெடுக்க மறப்பவர் பலர். அப்போது பழைய கரு எழுந்து, தனக்குரிய உறுப்புக்கோப்புகளைக் காணாது தடுமாறும். நான் இரு வேர்களை வைத்திருப்பதுண்டு. ஒன்று வழக்கிலிருக்க, மற்றையதைப் புதுப்பித்து, ஒரு கணினியில் மாத்திரம் சோதித்து, பின்னரே பொதுக்குறிப்பை மாற்றுவேன். இயங்கிக்கொண்டிருக்கும் கணினிகளின் காலடியிலிருந்து கோப்பை உருவாதிருத்தற்கும் இதுவே வழி.

மாணாக்கர் தம் ஆக்கங்களை வைக்கும் இடம் வேறு. அது வாசிக்க மட்டுமாயிருத்தல் இயலாது. இங்கே மீண்டும் நம்பிக்கை பற்றிய வினா எழுகின்றது. என்.எவ்.எஸ். தன் பழைய வழக்கின்படி, நான் 1005 ஆம் பயனர் என்று கணினி கூறினால் அதனை அப்படியே நம்பும். கடவுச்சொல்லை அது கேட்பதில்லை. தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து செருகும் ஒரு கெட்டிக்கார மாணவன், தான் விரும்பிய எண்ணைச் சொல்லி, பிறனொருவனின் செயற்றிட்டத்தை எடுத்துக்கொள்ளவோ அழித்துவிடவோ இயலும். பரீட்சைப் புள்ளிக்குரிய ஆக்கமாயின் இது சிறு விடயமன்று. கேபறோஸ் என்னும் அடையாளச் சான்று முறையைச் சேர்ப்பது ஒரு வழி. ஆயினும் பாடசாலைக்கு அது பளுவானது. பயனரின் கடவுச்சொல்லை வினாவி, மறைகுறியாக்கிய தொடர்பு வழியே அவருடைய கோப்புறையை மாத்திரம் திறந்துவிடும் எஸ்.எஸ்.எச். வழியைக் கொள்ளுதல் எளிது. 1999 இல் ஜிம் மக்குவிலன் தொடக்கிய எல்.ரி.எஸ்.பி. என்னும் இலவசத் தொகுப்பு இன்று அவ்வழியையே கைக்கொள்கின்றது. இதுகாறுங் கூறிய யாவற்றையும் அத்தொகுப்பு தானே அமைத்துத் தரும். அதனைப் பாவிப்பார்க்கும், பழுது நேர்ந்தவிடத்து, உள்ளே நடப்பதை அறிந்திருத்தல் வேண்டும். மற்றொன்று: வேரினுள் சேவையகத்தின் கடவுச்சொற் கோப்பைப் படியெடுத்து வைத்தலாகாது. அவ்வேரை அக்கம்பியிலுள்ள எவரும் வாசிக்கக்கூடும்.

கம்பியின் வேகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். முப்பது கணினிகள் 40 மெகாபைற்று வீதம் ஒருங்கே கேட்பின் 1,200 மெகாபைற்று ஆகும். செக்கனுக்கு 100 மெகாபிற்றுக் கம்பியில் அது ஏறக்குறைய நூறு செக்கன். ஆயிரம் மெகாபிற்றுக் கம்பியிற் பத்துச் செக்கன். கணினிகள் பழையனவாயினும் சேவையகத்துக்கும் ஆளிக்கும் இடையிலுள்ள கம்பி மாத்திரம் வேகமானதாயிருத்தல் வேண்டும். விலையுயர்ந்த ஆளிகளில் வேறொரு தொல்லை உண்டு. கம்பிகள் வளையமாகிவிட்டனவோ என்று ஆராய்வதற்காக, அவை புதிதாக எழுந்த துளையை முப்பது செக்கன் வரை அடைத்துவைக்கும். அதற்குள் நமது கணினி கூவிக் களைத்து, எவரும் விடைதரவில்லை என்னும் பி.எக்ஸ்.ஈ.-ஈ51 பிழையைக் காட்டி நின்றுவிடலாம். கணினிகள் செருகப்படும் துளைகளில் அவ்வாராய்ச்சியைத் தவிர்க்குமாறு ஆளிக்கு விதிக்கலாம். முகவரி கிடைத்தும் கோப்பு வராது ஈ32 என்னும் பிழை தோன்றின், சேவையகத்தின் தீச்சுவர் 69 ஆம் வாயிலை அடைத்திருக்கின்றதா என்று முதலிற் பார்க்க.

முப்பது வன்றட்டுகளின் பழுதுக்கு அஞ்சி ஒன்றை நம்பினோம். அவ்வொன்று விழுந்தால் முப்பதும் விழும். இதனைப் பலர் வேலை முடிந்தபின்னரே உணர்கின்றனர். சேவையகத்திலே இரு வட்டுகளை ஒன்றுக்கொன்று நிழலாக வைத்தலும், மின்வெட்டைத் தாங்கும் யு.பி.எஸ். ஒன்றை இணைத்தலும், அதனை ஆளிக்கும் சேர்த்து இணைத்தலும் வேண்டும். நிழல்வட்டு காப்புப் பிரதியாகாது. தவறுதலாக அழித்த கோப்பு நிழலிலும் அக்கணமே அழியும். மாணாக்கரின் ஆக்கங்களை நாள்தோறும் வேறொரு வட்டிற் படியெடுத்து, அவ்வட்டை வேறோர் அறையில் வைத்திருத்தல் நலம்.

அமைப்பு முடிந்ததும் ஒரு கணினி எழுந்ததைக் கண்டு திருப்தியுறற்க. முப்பதையும் ஒரே கணத்தில் எழுப்பிச் சேவையகத்தின் பதிவேட்டை வாசித்துப் பார்க்க. ஒவ்வொரு கணினியும் கேட்டதும் பெற்றதும் அங்கே வரிவரியாக இருக்கும். பின்பு, கணினிகள் இயங்கிக்கொண்டிருக்கையிற் சேவையகத்தின் கம்பியை ஒரு நிமிடம் கழற்றி மீளச் செருகுக. அவை உறைந்து நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்தல் வேண்டும். கணினிகளின் நிலைபொருளில் வலையமைப்பு வழித் தொடக்கத்தை முதலாவதாக வைத்து, அவ்வமைப்பைக் கடவுச்சொல்லாற் பூட்டுக. ஒவ்வொரு கணினிக்கும் உரிய அட்டை எண், முகவரி, அது நிற்கும் மேசை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஆய்வுகூடச் சுவரில் ஒட்டிவைக்க. அப்பட்டியலைச் சேவையகத்தினுள்ளே மாத்திரம் வைத்திருப்போர், சேவையகம் எழாத காலையில் அதனைத் தேடி அலைவர்.